அண்ணன் புகை போட்ட கால்

என் அண்ணன் யாரையாவது நலம் விசாரிக்க வந்தால் முதலில் ஓர் அறை விடுவார். பிறகுதான் "எப்படிடா இருக்க?" என்பார். இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்தன்று மணமேடைக்குக் கொஞ்சம் பிந்தி வந்ததற்காக மாலையோடு சேர்த்து ஒன்று வாங்கினேன். கல்யாணப் படத்தில் என் இடது கன்னம் வலது கன்னத்தைவிடச் செழிப்பாகத் தெரியும். மாப்பிள்ளைக்கு என்ன களை என்று பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஒரு சாவு வீட்டில் மேளம் சரியாக அடிக்கவில்லை என்று மேளக்காரரையே அடித்தவர் அவர். செலண்டார் பக்கத்தில் அவர் இருந்த தோட்டத்தில், அந்தக் கைகளுக்குப் பகலெல்லாம் வேலை கொடுக்க ரப்பர் சீட்டுகள் மட்டும் இல்லாமல் போயிருந்தால், அந்த லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்குத் தாடை நேராக இருந்திருக்காது.

அந்தக் கைகள் என் காலைக் காப்பாற்றக் கிளம்பியது தொண்ணூறுகளின் நடுவில்.

நான் அப்போது தோட்டத்தை விட்டு வந்து, கிளேபாங்கில் வாடகை வீடு எடுத்து, சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைகளில் ஒரு குத்தகைக்காரரிடம் சாரம் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நானும் பொறுப்பான ஆள்தான். கோப்பியில் சீனி போடுவதை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக டின்பாலை மட்டும் கூடுதலாக ஊற்றச் சொன்னேன்.

ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்த என் மனைவி அலறினாள். வாசலிலிருந்து நான் நின்ற இடம் வரை சிமெண்டுத் தரையில் வரிசையாகச் சிவப்பு முத்திரைகள்.

"யாரை வெட்டிட்டு வந்தீங்க?" என்றாள். என்னைப் பற்றி அவள் வைத்திருந்த மதிப்பு அப்படி. நானும் ஒரு கணம் என் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

சப்பாத்தைக் கழற்றினோம். அடியிலிருந்து ஏறிய ஓர் ஆணி உள்ளே நிமிர்ந்து நின்றது. அதன் மேல்தான் நான் நாள் முழுக்க ஏணி ஏறி இறங்கியிருக்கிறேன்.

"வலிக்கலையா?"

"இல்லையே."

"இவ்வளவு நீட்டு ஆணி! வலிக்கலைன்னா நீங்க என்னா மனுசனா, மரமா?" என்று அந்தச் சப்பாத்தாலேயே தோளில் போட்டாள்.

"அங்கே வலிக்குது," என்றேன். அதற்கும் ஒன்று விழுந்தது.

என் பாதங்கள் மரத்துப்போய் நெடுநாளாகியிருந்தது. சூடான தார் ரோட்டிலும் செருப்பில்லாமல் நடப்பேன். அதை நான் ஒரு வரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோயின் பரிசு என்பது தெரியாது. இடது பாதத்தில் ஆணி போட்ட அந்த ஓட்டை மூடவே இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஓட்டை குழியாயிற்று, குழியிலிருந்து நீர் கசிந்தது, பிறகு நாறியது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகக் கிடைத்ததை அதுவரை நான் என் முகத்தின் கம்பீரத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்திருந்தேன். மனைவிதான் பொறுக்காமல் முனைக்கடை ராவுத்தரின் தொலைபேசியிலிருந்து தோட்டத்துக்குப் பேசினாள்.

அண்ணன் சீட்டு ஏற்றும் லாரியிலேயே வந்து இறங்கினார். அறை விழுந்தது. "எப்படிடா இருக்க?" என்றார். துணியை உருவினார். குழியிலிருந்து நீர் சொட்டியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து இன்னொரு கன்னத்தையும் தயாராக வைத்துக்கொண்டேன்.

அந்த முகத்தை விளக்க வேண்டுமானால் அவர் தொழிலைச் சொல்ல வேண்டும். தோட்டம் பாதி எண்ணெய்ச் செம்பனையாக மாறிவிட்டிருந்தாலும், மிஞ்சிய ரப்பர் பால்மரங்களின் பாலும் சுற்றுவட்டாரத்துச் சின்னத் தோட்டக்காரர்களின் பாலும் அவர் இருந்த கொட்டகைக்கு வந்தன. பாலைத் தகர ட்ரேயில் ஊற்றி உறையவைப்பார்கள். உறைந்ததை உருளையில் கொடுத்து நசுக்கி, துணி போல் ஆனதும் கழிகளில் தொங்கப்போட்டு, அடியில் விறகு எரித்துப் புகையில் உலர்த்துவார்கள். சீட்டில் துளி ஈரம் தங்கினாலும் பூஞ்சணம் பூத்துவிடும். தரம் பார்ப்பவர் அதைச் சுருட்டி முகத்தில் வீசுவார். ஆக, அண்ணனுக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி ஈரம்தான். மழையில் நனைந்து வந்த சொந்த மாமனாரையே பிடரியைப் பிடித்து அடுப்புப் பக்கம் தள்ளியவர்.

"ஈரமா வச்சிருக்கியேடா மடையா! ஈரமா வச்சா பூக்காதா?"

"அண்ணே, இது சீட்டு இல்ல. காலு."

"ரெண்டும் ஒண்ணுதான்லா. ஏறுடா லாரியில."

நான் ஏறவில்லை. ஏற்றப்பட்டேன். சட்டைக் காலரும் சிலுவார்க் கால்சட்டையின் இடுப்பும் அவர் கையில் இருந்தன.

புகைக்கொட்டகையில் ஒரு பெட்டியின் மேல் என்னை உட்காரவைத்து, காலைத் தூக்கி அடிக்கழியில் வைத்து, ஆடாமல் இருக்கக் கயிற்றால் கட்டினார். மேலே வரிசையாகச் சீட்டுகள் தொங்கின. கீழே நானும் ஒரு சீட்டாகத் தொங்கினேன். "அசைஞ்ச, இன்னொரு காலையும் கட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டு லாரியில் கட்டு ஏற்றப் போனார். வெதுவெதுப்பாக, சுகமாக இருந்தது. நான் கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது நல்ல வாசனை வந்தது. கிளேபாங் ரோட்டோரக் கடைகளில் சாயங்காலமானால் வருமே, மீன் சுடும் வாசனை, அதேதான். எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

"அண்ணே! யாரோ மீன் சுடுறாங்க. நமக்கும் ரெண்டு துண்டு சொல்லுங்க!"

அண்ணன் ஓடிவந்த வேகத்தில் கதவின் ஒரு பலகை பெயர்ந்தது. அரிவாளால் கயிற்றை அறுத்து என்னை இழுத்துத் தரையில் தள்ளினார். அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். கடைசி இரண்டு விரல்கள் கரி. பாதத்தின் அடிப்பக்கம் கறுத்து, விறைத்து, பழைய செருப்பின் அடியைப் போல இருந்தது. எனக்கு இன்னும் எதுவும் வலிக்கவில்லை. சுட்டது என்னைத்தான் என்பது புரிந்தது. பசி மட்டும் உடனே போகவில்லை. அந்த வெட்கத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"ஏன்டா கத்தல? வாயில என்னா வச்சிருந்த? ஏன்டா கத்தல?"

"தெரியலண்ணே. சத்தியமா தெரியல."

நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அறை விழவில்லை. திறந்து பார்த்தால் அண்ணன் கொட்டகைச் சுவரைக் குத்திக்கொண்டிருந்தார். பலகை உடையும்வரை குத்தினார். முட்டியெல்லாம் ரத்தம். அவர் என்னை அடிக்காமல் விட்டதுதான் எனக்குக் கிலியைக் கிளப்பியது. கால் போய்விட்டது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் அறுவை மருத்துவர் பார்த்தார். ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். கரியான விரல்களை எடுத்தார்கள். உள்ளே தேங்கிய சீழைக் கீறி விட்டார்கள். அழுகிய ஓரங்களை அவர் சிறு கத்தியால் செதுக்கியபோது நான் முழு நினைவோடு படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலியில்லாதவனுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை? துண்டுகள் தட்டில் டப் டப்பென்று விழுந்தன. பாசாரில் ஆட்டுக்கறி வாங்குகிற மாதிரி இருந்தது. "டாக்டர், எலும்போடா, தனிக்கறியா?" என்று மலாய் மொழியில் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த தாதி மட்டும் விளக்கை ஆட்டிவிட்டாள்.

பிறகு அவர் அண்ணனையும் என் மனைவியையும் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். சீழ் அடங்கிவிட்டது. பாதத்துக்கு ரத்தம் போகிறது. ஆனால் அடிப்பாதம் முழுக்கச் செத்த தோல் பலகை போல் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே உயிருள்ள சதை இருந்தால் பாதம் பிழைக்கும். இல்லாமல் கறுப்பு மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும். வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்.

"எடுக்கிறதுன்னா?" என்றார் அண்ணன்.

மருத்துவர் தன் காலில் கையை வைத்து இடத்தைக் காட்டினார். அண்ணன் அவர் காலரைப் பிடித்துவிட்டார். இரண்டு காவலாளிகளும், மூன்றாவதாக என் மனைவியும் சேர்ந்து பிரித்தார்கள். காவலாளிகள் இழுத்தார்கள். என் மனைவி அண்ணன் கையைக் கடித்தாள்.

கிளினிக்கில் கட்டுப் போடும் அறை ஒரு மிஸ்ஸியின் ராஜ்ஜியம். தாதியரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். ஐம்பதைத் தொட்ட தமிழ்ப் பெண்மணி, முன்னங்கை என் கணுக்கால் அளவு. என் பாதத்தைப் பார்த்து, "யார்லா இத அடுப்புல வச்சது?" என்றார். நான் கதையைச் சொன்னேன். "உனக்கு மூளைக்கும் உணர்ச்சி இல்ல" என்று முடித்தார்.

சிறிய டியூப் ஒன்றை எடுத்து நசுக்கினார். நிறமில்லாத கொழகொழப்பு ஒன்று வந்தது. இறுகாத அகார் அகார் கடற்பாசி போல. அதைக் கறுத்த தோலின் மேல் தடிமனாகப் பூசினார்.

"மிஸ்ஸி, இத ரொட்டிக்குத் தடவலாமா?"

தொடையில் ஓர் அடி. அங்கே உணர்ச்சி இருந்தது.

"இது ஜெல்லு. முக்காவாசியும் தண்ணிதான். செத்த தோலு காஞ்சு இறுகி ஒட்டிக்கிட்டு இருக்கு. கத்தியால சுரண்டினா நல்ல சதையும் சேந்து வரும். இதப் போட்டு மேல தாள ஒட்டி ஊற வச்சா, செத்தது இளகி, உன் உடம்பே அதத் தள்ளி விட்டுடும். நல்ல சதை வளர்றதுக்கும் ஈரம் வேணும்."

"புண்ண ஊற வைக்கிறதா? எங்கண்ணன் கேட்டாரு, உங்களையும் என்னையும் ஒரே கழியில தொங்கப்போட்டுடுவாரு."

"வரச் சொல்லு. அவருக்கு எந்தக் கட்டைவிரல் வேணாம்னு கேட்டு வச்சுக்க."

மேலே மெல்லிய ஒட்டுத்தாளை ஒட்டி, பஞ்சு வைத்துக் கட்டினார். காலைத் தரையில் வைத்தால் என் மனைவியிடம் சொல்லிவிடுவதாக மிரட்டி, இரண்டு ஊன்றுகோல்களைக் கொடுத்தார். வேறு எந்த மிரட்டலுக்கும் நான் அப்படிப் பணிந்திருக்க மாட்டேன்.

சில தடவை கட்டு மாற்றினார். ஒவ்வொரு முறையும் பாதம் இன்னும் கேவலமாகத் தெரிந்தது. பலகைபோல் இருந்த தோல் ஓரங்களில் கரைந்து மஞ்சளும் பழுப்புமாகக் கூழாயிற்று. புண் பெரிதாகிவிட்டது போல் இருந்தது. வாடை வேறு. மிஸ்ஸி மட்டும் ஒவ்வொரு முறையும் உப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, "ம், ம்" என்று திருப்தியாகத் தலையாட்டுவார். பிள்ளைக்கு நல்ல மார்க் வந்ததைப் பார்க்கும் தாய் போல.

வீட்டில் ஒரு நாள் ஒட்டுத்தாளின் ஓரம் பிரிந்து கூழ் மெத்தையில் வழிந்தது. என் மனைவி பார்த்தாள்.

"அய்யோ! காலு கஞ்சியாப் போச்சே!" என்று அலறிக்கொண்டு ராவுத்தர் கடைக்கு ஓடினாள். நான் மெத்தையிலிருந்து, "மிஸ்ஸி அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க!" என்று கத்தியது ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அவளுக்குக் கேட்கவில்லை.

அண்ணன் வந்தார். இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை. நேராகக் கட்டைப் பிடித்துக் கிழித்தார். கூழைப் பார்த்தார். விரலால் தொட்டு மோந்தார்.

"அழுக வச்சிட்டாளேடா. காய வச்சத ஊற வச்சு அழுக வச்சிட்டாளே."

"அண்ணே, நீங்க காய வைக்கல. சுட்டீங்க."

பளார். என் காதுக்குள் வண்டு பறந்தது. அடுத்த நிமிடம் நான் லாரியில் இருந்தேன். ஊன்றுகோல்கள் என் மேல் வந்து விழுந்தன. பழைய துணி ஒன்றைப் பாதத்தில் சுற்றியிருந்தார். வழி நெடுக ஸ்டியரிங்கை மட்டும் குத்திக்கொண்டே வந்தார். ஒவ்வொரு குத்துக்கும் ஹாரன் அலறியது. முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரர் பயந்து புல்தரையில் இறங்கிவிட்டார்.

கிளினிக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து சுவரோடு ஒட்டினார்கள்.

"எங்க அவ? எந்தம்பி கால அழுக வச்சவ எங்க?"

மிஸ்ஸி கட்டுப் போடும் அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் இரும்புத் தட்டு.

"சத்தம் போடாதீங்க. இது ஆஸ்பத்திரியா, கள்ளுக்கடையா?"

அண்ணன் பெஞ்சைத் தூக்கிப் போட்டார். அது பஞ்சு வைத்திருந்த கண்ணாடி ஜாடியில் பட்டு, ஜாடி சிதறியது. ஒரு குழந்தை வீறிட்டது. மிஸ்ஸி நகரவில்லை. அண்ணன் கையை ஓங்கினார். அந்தக் கை எப்படி இறங்கும் என்பது எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து படித்த பாடம். ஆனால் அது இறங்குவதற்கு முன்னால் இரும்புத் தட்டு அவர் நெற்றியில் இறங்கிவிட்டது. கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். புருவத்துக்கு மேலே தோல் பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அண்ணன் மாடு போல் தலையை உதறிக்கொண்டு, கண் தெரியாமலேயே மிஸ்ஸியின் கழுத்தை எட்டிப் பிடித்தார்.

அப்போது நான் வீரனானேன். ஊன்றுகோலை ஓங்கி அண்ணன் முழங்காலைக் குறிவைத்து வீசினேன். குறி தப்பி எடை பார்க்கும் மெஷினில் பட்டது. ஒரு பக்கத்துப் பிடிமானம் போய், நான் குப்புற விழுந்தேன். விழும்போது மருந்து வண்டியின் கீழ்த்தட்டில் என் இடது பாதம் உராய்ந்து இழுபட்டது. எதுவோ கிழியும் சத்தம் கேட்டது. துணியாக இருக்கும் என்று நினைத்தேன்.

துணி நனைந்து சிவந்துகொண்டிருந்தது.

அண்ணன் மிஸ்ஸியின் கழுத்தை விட்டுவிட்டு, "கால் போச்சுடா!" என்று கத்தினார். வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு மொழியில் கத்தினார்கள். நான் பாதத்தைப் பார்க்கத் துணியாமல் மல்லாக்கப் புரண்டு கூரையைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே மருத்துவர் கையை வைத்துக் காட்டிய அந்த இடம் மட்டும் நினைவில் நின்றது.

"எல்லாரும் வாய மூடு!"

மிஸ்ஸி உடைந்த கண்ணாடிக்கு நடுவே முழங்காலிட்டு உட்கார்ந்தார். அவர் தொண்டையில் அண்ணனின் விரல் தடங்கள் சிவந்திருந்தன. துணியைப் பிரித்தார். குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ரத்தம் வருது! பாரு, நல்ல ரத்தம்!"

"ரத்தத்தப் பாத்துச் சிரிக்கிறியா?" என்று அண்ணன் மறுபடி கையைத் தூக்கினார்.

"யோவ், செத்ததுல ரத்தம் வருமாய்யா?"

கை அந்தரத்தில் நின்றது. அப்படி அது நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மிஸ்ஸி உப்புத் தண்ணீரை ஊற்றினார். ஓரம் கிழிந்து தொங்கிய கறுப்புத் தோலை இடுக்கியால் பிடித்து, தண்ணீரை ஊற்றிக்கொண்டே மெல்ல உயர்த்தினார். அத்தனை நாள் ஜெல்லில் ஊறியிருந்த அது, எங்கும் மக்கர் பண்ணாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒட்டியிருந்த இடங்களை மட்டும் கத்தரியால் நறுக்கிவிட்டு முழுசாக எடுத்துத் தட்டில் போட்டார். கீழே செக்கச்செவேலென்று, பொடிப்பொடியாக மணி பிடித்த சதை. அங்கங்கே ரத்தம் துளிர்த்துக்கொண்டிருந்தது. என் உடம்பில் இவ்வளவு அழகான இடம் ஒன்று இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

அண்ணன் தன் நெற்றி ரத்தத்தைத் துடைக்கக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்:

"ட்ரேயில ஒட்டிக்கிட்ட சீட்ட… காய வச்சு இழுத்தா பிஞ்சிடும். தண்ணி ஊத்தித்தான் கழட்டணும்."

புகைக்கு முந்திய வேலை அது. உறைந்த பால் ட்ரேயின் விளிம்பில் பிடித்துக்கொண்டால் சுற்றிலும் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டுத்தான் எடுப்பார்கள். ஆயுசு முழுக்கத் தினமும் காலையில் அதைச் செய்தவர். தம்பி காலைப் பார்த்தபோது அவருக்குப் புகை மட்டும்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

"என்னா உளர்றீங்க? உக்காருங்க, நெத்தியில தையல் போடணும்," என்றார் மிஸ்ஸி.

அண்ணன் உட்கார்ந்தார். மரப்பு ஊசி போடாமலேயே மிஸ்ஸி தைத்தார் என்பது என் சந்தேகம். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், ஆனால் கையை மடியில் வைத்திருந்தார். கிளினிக் ஆட்கள் போலீசைக் கூப்பிடவா என்று கேட்டபோது, "வழுக்கி விழுந்தாரு. தரையெல்லாம் ஜெல்லு," என்று மிஸ்ஸி சொல்லிவிட்டார். அண்ணன் மறுநாளே வந்து பெஞ்சை ஆணியடித்துக் கொடுத்தார். ஆணிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று நான் இரண்டு தடவை பார்த்தேன்.

அத்தோடு எங்கள் வீட்டில் அமைதி வந்தது என்று நினைத்தால் நீங்கள் என் அண்ணனைப் புரிந்துகொள்ளவில்லை. அவர் கட்சி மாறினார், அவ்வளவுதான். ஞாயிறுதோறும் வந்தார். இப்போது அவருக்கு எதிரி காய்ந்துபோவது. கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "காத்து பட்டா காஞ்சிடாதா?" என்று அதைத் தரையில் அடித்து உடைத்தார். எங்களுக்கு இருந்ததே அந்த ஒன்றுதான். ஜெல்லுக்குமேலே தாள், தாளுக்குமேலே பஞ்சு, இதில் காற்று எங்கே புகும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் காது எனக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மஞ்சள் தூளைக் கொட்டினால் மூன்றே நாளில் காயும் என்று யோசனை சொல்லவந்த பக்கத்து வீட்டுக்காரரை வாசலிலேயே மறித்து, மஞ்சள் தூளை அவர் தலையில் கொட்டி அனுப்பினார். நான் ஒளித்துவைத்துத் தின்ற கேசரியைத் தட்டோடு சுவரில் எறிந்தார். சுவர் பாழானதற்காக என் மனைவி அவர் முதுகில் அகப்பையால் போட்டாள். அவர் வாங்கிக்கொண்டார். கேசரிக்காக எனக்கும் விழுந்தது. நானும் வாங்கிக்கொண்டேன். ஆனால் இனிப்பு நீர் அந்த மாதம்தான் முதன்முறையாகக் கட்டுக்குள் வந்தது. ஊசி மருந்து பாதி வேலை செய்தது என்றால் அகப்பை மீதியைச் செய்தது.

பிறகு ஒரு நாள் மிஸ்ஸி டியூபை எடுக்கவில்லை. தண்ணீரை உறிஞ்சும் வேறொரு பஞ்சுத் துண்டை எடுத்து வைத்தார். கூட வந்திருந்த அண்ணன் எழுந்துவிட்டார்.

"ஜெல்லு எங்க?"

"நிறுத்தியாச்சு. இப்ப புண்ணே தானா ஈரமா இருக்கு. இதுக்கு மேலயும் ஊத்தினா சுத்தியிருக்குற நல்ல தோலும் வெளுத்து ஊறிப் போயிடும்."

"அன்னைக்கி ஈரம் வேணும்ன. இன்னைக்கி வேணாங்கிற. என்னா வைத்தியம் இது? போடு ஜெல்ல!"

மிஸ்ஸி இரும்புத் தட்டை எடுத்து மேசையின் மேல் வைத்தார். சும்மாதான் வைத்தார். அண்ணன் புருவத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

அறுவை மருத்துவரைப் பார்க்கும் நாள் வந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவருக்கு வெள்ளைச் சட்டை என்றால் கல்யாணம் அல்லது கைகலப்பு. லாரியில் வரும்போது, "அவன் மட்டும் எடுக்கணும்னு சொல்லட்டும், அங்கயே அவன் கைய…" என்று சொல்லிக்கொண்டு வந்தார். மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து விபூதியை என் நெற்றியில் திரும்பத் திரும்பப் பூசினாள். நான் வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். திறந்த வாய்க்குள் விபூதிதான் விழுந்தது.

மருத்துவர் அண்ணனைப் பார்த்ததும் மேசையை நடுவில் விட்டுக்கொண்டு நின்றார். காவலாளிகளும் கதவருகே வந்து நின்றார்கள். கட்டைப் பிரித்தார். சதையை அழுத்திப் பார்த்தார். கணுக்கால்வரை விரலால் தடவி நாடி பார்த்தார். ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது.

"பாதம் இருக்கட்டும். எதையும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் புதுத் தோல் பாலாடை மாதிரி. முழுசாக மூடும்வரை ஊன்றக் கூடாது," என்றார்.

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் மருத்துவரிடம் நன்றி என்று சொன்னேன். அண்ணன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். முறுக்கி வைத்திருந்த முஷ்டிகளை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டார். காவலாளி ஒருவர் பின்வாங்கினார். கடைசியில் ஒன்று என் முதுகில்தான் இறங்கியது. மூச்சு நின்று வந்தது. நான் ஊன்றுகோலோடு முன்னால் சாய்ந்தேன். என் இடது கால் தரையைத் தேடி இறங்கியது.

"மாமா! காலு! காலு!" என்று மனைவி அண்ணனின் வெள்ளைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டைக் கை கிழிந்து வந்தது.

பாதம் தரையைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது அண்ணன் என் இடுப்பை வளைத்துத் தூக்கிவிட்டார். ரப்பர் சீட்டுக்கட்டைத் தூக்குவது போலத் தோளில் போட்டுக்கொண்டு அறையை விட்டு நடந்தார். நடைபாதை முழுக்க மக்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். என் தலை அவர் முதுகுப் பக்கம் தொங்கியது. பின்னால் மனைவி ஊன்றுகோல்களையும் கிழிந்த சட்டைக் கையையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணே, இறக்குங்க. மானம் போகுது. ஊனாம நானே நடந்து வர்றேன்."

"வாய மூடு," என்றார் அண்ணன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. "நீ நடந்த, கால ஒடச்சிடுவேன்."